இடிராஜாவும் மூன்று அண்டாக்களும்

நாற்பத்தாறு வயதில் நான் பட்டம் வாங்கினேன். வாரநாளில் மலேசியாவின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. சனி ஞாயிறுகளில் புக்கிட் செந்தோசா வீட்டின் சாப்பாட்டு மேசையில் இலக்கியப் படிப்பு. கடைசிப் பருவத்தில் நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தது. காதல், இயற்கை என்று நல்ல தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மிஞ்சியது கிரேக்கப் புராணங்களில் வீழ்ச்சியும் தெய்வ தண்டனையும்.

கிரேக்கப் பெயர்கள் எதுவும் என் வாயில் நுழைவதில்லை. கட்டுரையில் எப்படியோ பார்த்துப் பார்த்து எழுதிவிட்டேன். வீட்டில் கதை சொல்லும்போது எல்லாரும் அவன், அவள்தான். மெழுகால் ஒட்டிய இறக்கையோடு சூரியனை நெருங்கிப் போய்க் கடலில் விழுந்தவன். சூரியனுக்கே மகனாகப் பிறந்து, அப்பாவின் தேரை ஒரு நாள் ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடித்து, குதிரைகளை அடக்கத் தெரியாமல் பாதி உலகத்தைக் கருக்கியவன். தறியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு தேவியிடமே சவால் விட்டுச் சிலந்தியாகிப்போனவள். பறக்கும் குதிரையில் ஏறிக் கடவுள்களின் வீட்டுக்கே கிளம்பியவன். அவனுக்காக அவர்களுடைய இடிக்கடவுள் பெரிதாக ஒன்றும் மெனக்கெடவில்லை. ஒரு மாட்டு ஈயை அனுப்பிக் குதிரையைக் கடிக்க வைத்தார். ஆள் நேராக முள்புதரில்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தக் கடவுள்கள் கொலையைக்கூடச் சில சமயம் பொறுத்துக்கொள்கிறார்கள். "உனக்கு நான் சளைத்தவன் இல்லை" என்று ஒரு மனிதன் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் பொறுப்பதில்லை. இதை என் கணவரிடம் சொன்னபோது, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க சாமிக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் தோட்டத்துக் கோயில் அம்மனை என் அண்ணி தினமும் திட்டுவார். மழை பெய்தால் திட்டுவார், பெய்யாவிட்டாலும் திட்டுவார். விளக்கேற்றிக்கொண்டே, "கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?" என்று கேட்பார். அம்மன் அவரை ஒரு நாளும் சிலந்தியாக்கியதில்லை.

அந்தத் தோட்டம் கோலசிலாங்கூருக்கு வடக்கே, செம்பனை மரங்களுக்குள் இருக்கிறது. நான் அங்கேதான் பிறந்தேன். இப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதிக்குமேல் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள். எங்கள் ஆட்கள் ரவாங், கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் கார் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். என் அண்ணனும் அண்ணியும் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், கோயிலுக்கு இரண்டு நிமிட தூரத்தில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணன் கோயிலுக்குத் தலைவர். அண்ணி சமையற்கட்டுக்குத் தலைவி. அண்ணனுடைய பதவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் உண்டு. அண்ணியுடையதற்குக் கிடையாது.

அண்ணன் நல்லவர். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதலில் நிற்பார். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அந்த வருடம் திருவிழாப் பேனரை அவரே வடிவமைத்தார். முக்கால்வாசி இடத்தில், இரண்டு கையும் கூப்பி, அண்ணன். மேல் மூலையில் பாஸ்போர்ட் படம் அளவுக்கு அம்மன்.

பேனரைக் கட்டிய அன்று அண்ணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "ஏங்க, சாமிய கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்ல?"

"ஆத்தாவ எல்லாருக்கும் தெரியும்லா," என்றாராம் அண்ணன். "புதுசா வர்றவங்களுக்கு என்னையத் தெரியாதில்ல?"

இது நடந்த அதே வாரம் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, முன்னெல்லாம் திருவிழான்னா நாடகம் போடுவோம், ஞாபகம் இருக்கா? இந்த வருஷம் திரும்பப் போடுறோம். நீதான் டிகிரி முடிச்சிட்டியே, எழுது. ராஜா கதையா இருக்கணும்."

"ராஜா யாருண்ணே?"

"கேக்குற கேள்வியப் பாரு."

என் கட்டுரையில் ஒரு ராஜா இருந்தான். அவனைப் பற்றி இரண்டே பத்திதான் எழுதியிருந்தேன், ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தவன் அவன்தான். தன்னையே இடிக்கடவுள் என்று அறிவித்துக்கொண்டவன். தேருக்குப் பின்னால் வெண்கலப் பாத்திரங்களைக் கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவான், அது இடி. எரிகிற பந்தங்களை வானத்தில் வீசுவான், அது மின்னல். மக்கள் தன்னைத்தான் கும்பிட வேண்டும் என்பான். கடைசியில் நிஜக் கடவுள் நிஜ இடியை ஒரே ஒரு தடவை எறிவார். ராஜா, தேர், பாத்திரம், ஊர் எல்லாம் சாம்பல்.

அண்ணனிடம் போனிலேயே கதையைச் சொன்னேன். பாத்திரம் கட்டி இழுக்கும் இடம் வரை உற்சாகமாக உம் கொட்டினார். சாம்பல் என்றதும் குறுக்கே புகுந்தார்.

"முடிவு சரியில்லையே தங்கச்சி. மாத்திடு."

"அதுதாண்ணே கதையே."

"இல்ல, சாமி கீழ இறங்கி வருது. ராஜா மன்னிப்புக் கேக்குறாரு. சாமி ராஜாவுக்குப் பொன்னாடை போத்துது."

"சாமி எதுக்குண்ணே பொன்னாடை போத்தணும்?"

"பின்ன, இத்தனை வருஷம் நாட்ட ஆண்டிருக்காரு இல்ல?"

அரை மணி நேரம் வாதாடினோம். இடி ராஜாவின் மேல் விழாது, பக்கத்தில் விழும் என்பதில் வந்து நின்றோம். அதற்கு நான் இறங்கி வந்ததால், சத்தத்தில் இறங்கி வர மறுத்தேன். இடிச் சத்தத்தைப் போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். எனக்குள் அப்போது ஒரு பெரிய நாடகாசிரியை பிறந்திருந்தாள். "கூடவே கூடாதுண்ணே. நிஜப் பாத்திரம்தான் வேணும். அந்தச் சத்தம் வயித்துல இடிக்கணும்" என்றேன். "அப்ப அண்டாதான்" என்றார். எந்த அண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாடகம் ஞாயிறு பகல், அன்னதானத்துக்கு முன்பு. ஒத்திகை முந்தின நாள் காலை. நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஏற்கெனவே வேஷத்தில் இருந்தார். ஜரிகை வேட்டி, அட்டையில் தங்கத்தாள் ஒட்டிய கிரீடம், கையில் ஒரு கட்டு கம்பி மத்தாப்பு. தேராக வந்திருந்தது செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர். அதை ஓட்டுபவர் அங்கேயே பல வருடங்களாக வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர். மலாயும் தோட்டத் தமிழும் கலந்து பேசுவார். டிராக்டரின் பின்பெட்டியில் அண்ணன் ஏறி நின்றார். அதன் பின்னால் நைலான் கயிற்றில் மூன்று அண்டாக்கள்.

எந்த அண்டா என்று பார்த்ததுமே தெரிந்தது. அவை அலுமினிய அன்னதான அண்டாக்கள். கோயில் பெண்கள் சேர்ந்து வாங்கியவை. ஆளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியவை. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே அண்ணி அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, சமையற்கட்டுக்குப் பின்னால் வெயிலில் கவிழ்த்து வைப்பார். வேறு யாரும் அவற்றில் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது.

"அண்ணே, அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"அவ தஞ்சோங் காராங் அரிசி ஆலைக்குப் போயிருக்கா. அரிசி ஏத்தி, காய்கறி வாங்கி வர மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள கழுவி வச்சுடலாம்."

"கோவிச்சுக்குவாங்கண்ணே."

"கோயில் பாத்திரம், கோயில் நாடகம். ஆத்தாவே கோவிச்சுக்க மாட்டா."

ஆத்தாவைப் பற்றி அவர் சொன்னது சரிதான். நான் போனில் கேமராவைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

டிராக்டர் கிளம்பியது. செம்மண் சாலை, ஜல்லிக் கல். இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலான அந்த இடியை நான் முதல் தடவையாகக் கேட்டேன். உண்மையிலேயே வயிற்றில் இடித்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு செம்பனைக்குள் ஓடின. லயத்திலிருந்து ஆட்கள் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்கள். அண்ணன் மத்தாப்பைப் பற்றவைத்து இரண்டு கையையும் உயர்த்தினார்.

"நானே இடி! நானே மின்னல்!"

இது நான் எழுதியது. ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் அண்ணன் சொந்தமாகச் சேர்க்க ஆரம்பித்தார்.

"மழைக்கும் நானே! வெயிலுக்கும் நானே! பதினோரு வருஷமா தலைவரும் நானே!"

நான் போனில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்போதுதான் எதிரே, கோயில் வளைவில், காய்கறி வேன் வந்து நின்றது. ஆலையில் அன்று கூட்டமில்லையாம். அண்ணி இறங்கினார், இடுப்பில் ஒரு பரங்கிக்காயோடு. முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெரிந்துகொண்டேன், கொடியில் துணி காய்கிறதே, மழை வந்துவிட்டதோ என்று பார்த்தாராம். பிறகு சாலையைப் பார்த்தார். கணவர் வருவதையும், கணவருக்குப் பின்னால் தன் அண்டாக்கள் குதித்துக் குதித்து வருவதையும் பார்த்தார்.

பரங்கிக்காயைச் சாலையோரம் மெதுவாக இறக்கி வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். சாலையின் நடுவில் வந்து நின்றார்.

டிராக்டர்காரருக்கு அண்ணனிடம் மரியாதை உண்டு. ஆனால் பல வருடங்களாக மத்தியானச் சோறு போடுவது அண்ணி. "காக்கா மாரா!" என்று மலாயில் அலறினார், அக்கா கோபமாக இருக்கிறார் என்று. அலறிக்கொண்டே பிரேக்கை முழுக்க மிதித்துவிட்டார்.

இரண்டு கையும் வானத்தில் இருந்ததால் அண்ணனால் எதையும் பிடிக்க முடியவில்லை. பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைத் தாண்டி, லொங்காங் என்று நாங்கள் சொல்லும் சாலையோரச் சாக்கடையில் போய் விழுந்தார். முந்தின வார மழையில் அதில் இடுப்பளவு தண்ணீர். மத்தாப்பு சுர்ரென்று அணைந்தது. கிரீடம் தனியாக மிதந்து போனது.

ஒரு அண்டா கயிற்றை அறுத்துக்கொண்டு டிராக்டரைக் கடந்து உருண்டது. அண்ணியின் காலடியில் ஒரு வட்டம் அடித்துப் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து அதன் அடியில் கையை ஓட்டினார். ஓர் இடத்தில் ஆள்காட்டி விரல் மறுபக்கம் வந்தது. அந்த விரலை எல்லாருக்கும் தெரியும்படி ஆட்டிக் காட்டினார்.

"இதுல நாளைக்கு நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கணும்."

அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு எழுதுனது இந்த நாடகம்?"

நான் போனைக் கைப்பைக்குள் போட்டேன். லொங்காங்கிலிருந்து தலையில் பாசியோடு அண்ணன் எழுந்தார். "அவதான்! நான் ஸ்பீக்கர்லயே போடலாம்னுதான் சொன்னேன். நிஜப் பாத்திரம்தான் வேணும்னு அவதான் சொன்னா!"

கிரேக்கக் கதைகளில் விழுந்தவன் யாரும் இவ்வளவு சீக்கிரம் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்ததாக நான் படித்ததில்லை.

அண்ணனைக் கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். எலும்பு முறியவில்லை, கணுக்கால் சுளுக்கு. கட்டுப்போட்டு, காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எங்களுக்கான தீர்ப்பு தயாராக இருந்தது. சமையற்கட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலை நீட்டிவைக்க ஒரு கவிழ்த்த வாளி, மரச் சுத்தி ஒன்று, நசுங்கிய இரண்டு அண்டாக்கள். அது அண்ணனுக்கு. பக்கத்தில் ஒரு முக்காலி, இரண்டு மூட்டை வெங்காயம். அது எனக்கு.

"பட்டதாரி அம்மா உரிப்பாங்கல்ல?" என்றார் அண்ணி.

"உரிக்கிறேன் அண்ணி."

ஓட்டை விழுந்த அண்டாவை டிராக்டர்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு பாசிர் பெனம்பாங்குக்குப் போனார். அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப்போடும் சீனர் ஒருவர் அலுமினியத்தையும் ஒட்டுவாராம். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு இவர், "ராஜா ஜாத்தோ," ராஜா விழுந்துவிட்டார் என்றாராம். அந்த மனிதர் வெல்டிங் முகமூடியைத் தூக்கி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்ட பிறகுதான் வேலையையே தொடங்கினாராம். அதனால்தான் இவ்வளவு நேரம் என்று திரும்பி வந்து அண்ணியிடம் சமாதானம் சொன்னார்.

அன்று பகல் முழுக்க அண்ணன் அண்டாவைத் தட்டினார். ஒரு நெளிவை உள்ளேயிருந்து தட்டி எடுத்தால், அந்தப் பக்கம் இன்னொன்று டொக்கென்று கிளம்பும். அதைத் தட்டினால் பழையது திரும்பும். பாறையை மலையுச்சிக்கு உருட்டி உருட்டி, அது ஒவ்வொரு முறையும் கீழே ஓடிவிட, மறுபடி உருட்டும்படி தண்டனை பெற்ற ஒருவன் என் கட்டுரையில் நான்கு பக்கத்துக்கு இருந்தான். அவனைப் பற்றி எழுதியபோது நான் சிரிக்கவில்லை. இப்போது வெங்காயத்தின் தயவால் சிரித்து வந்த கண்ணீரையும் யாரும் சந்தேகப்படவில்லை.

நான்கு மணிக்கு உள்ளே வடை பொரித்தார்கள். அண்ணன் காலையிலிருந்து ஒரு காப்பிதான் குடித்திருந்தார். ஒரு பெண் தட்டோடு வெளியே வந்தார். அண்ணன் கை நீட்டினார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல், "அது சாமிக்கு." தட்டு நகர்ந்துவிட்டது. இரண்டாவது தட்டு வந்தது. "அது பந்தல் கட்டுறவங்களுக்கு." மூன்றாவது வந்தபோது அண்ணன் கையை நீட்டவே இல்லை.

"என்னாண்ணே, எடுக்கலையா?"

"போகட்டும் தங்கச்சி. எடுத்தா மட்டும் விட்டுடுவாளா?"

கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாமல், தலைக்கு மேல் பழம் தொங்கியும் எட்டாமல் நிற்கும் ஒருவன் கதை எனக்குத் தெரியும். அதை அண்ணனுக்கு ஆறுதலாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவனுக்கும் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்றார்.

ஐந்தரைக்கு அண்ணி வெளியே வந்து அண்டாக்களைச் சுற்றிப் பார்த்தார். வடிவம் பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். நான்கு வடையும் சட்னியும் வைத்த தட்டை அண்ணனின் மடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டு.

மறுநாள் நாடகத்தை விட்டுவிடலாம் என்றேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. நின்றால்தானே வலிக்கும், சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே நடிக்கிறேன் என்றார். கோயில் அலுவலகத்தில் சக்கரம் வைத்த ஒரு சுழல் நாற்காலி இருந்தது, அதற்குப் பட்டுத்துணி போர்த்தினோம். பாத்திரம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. இடி ஸ்பீக்கரிலிருந்தே வரட்டும் என்று நானே சொன்னேன்.

பந்தல் நிறையக் கூட்டம். அண்ணன் உண்மையிலேயே நன்றாக நடித்தார். குரலுக்கென்று பிறந்தவர் அவர். கடைசிக் காட்சிக்கு வந்தோம். ராஜா வானத்தைப் பார்த்து, "எனக்கு மேல் எவன் இருக்கிறான்? இருந்தால் இப்போதே பேசட்டும்!" என்று முழங்க வேண்டும். உடனே நான் போனில் இடியைத் தட்ட வேண்டும். அவர் முழங்கினார். நான் தட்டினேன். போன் ஸ்பீக்கரோடு இணையவில்லை. மறுபடி தட்டினேன். ராஜா வானத்தைப் பார்த்தபடியே காத்திருந்தார்.

சமையற்கட்டிலிருந்து, மைக் இல்லாமல், அண்ணியின் குரல் வந்தது.

"ஏங்க! பேசினது போதும், சாம்பார் ஆறுது! மைக்க வச்சுட்டு வாங்க!"

ராஜா கிரீடத்தைக் கழற்றினார். "இதோ வந்துட்டேம்மா," என்றார். பழக்கதோஷம். மைக் திறந்தே இருந்தது.

பந்தல் இடிந்து விழும்படி சிரித்தார்கள். அதுதான் முடிவு என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா இப்படி எழுதுன?" என்று கேட்டார். நான் எழுதியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பந்தி தொடங்கியது. நடக்க முடியாத ஆளுக்கு என்ன வேலை கொடுப்பது? அண்ணி உப்புக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார். சுழல் நாற்காலியில் அண்ணன், பின்னாலிருந்து தள்ள டிராக்டர்காரர். இலை இலையாக உப்பு வைத்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பொரியலோடு நான், எனக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு அண்ணி.

காலில் கட்டைப் பார்த்து ஆளுக்கு ஆள் கேட்டார்கள். முதல் வரிசையில் அண்ணன், "சும்மா, தவறி விழுந்துட்டேன்," என்றுதான் சொன்னார். இரண்டாவது வரிசையில் டிராக்டரில் ஏதோ கோளாறு என்றார். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பிரேக் முழுக்கப் போய்விட்டிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"எதிர்ல என் சம்சாரம் நிக்கிது," என்று அண்ணன் ரவாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கோயில் அண்டா மூணும் பின்னால. ஒரு செகண்ட்தான் யோசிச்சேன். நம்ம உசுரு போனாலும் பரவாயில்லன்னு நானாத்தான் குதிச்சேன்."

"ஐயோ, அப்புறம்?" என்றார் அந்த வீட்டுக்காரர், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு.

எனக்குப் பின்னால் சாம்பார் வாளி தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் திரும்பாமலே கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அண்ணி அந்த இலையை எட்டிப் பார்த்தார். பேச்சு சுவாரசியத்தில் ஒரு சின்னக் குன்று அளவுக்கு உப்பு குவிந்திருந்தது. கரண்டி நுனியால் அதில் பாதியை வழித்து எடுத்தார்.

"உப்பு போதும். அடுத்த எலைக்குப் போங்க," என்றார்.